இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே

ஜப்பானியப் பெண்கள் தொழில்முறை மல்யுத்தத்தில் எந்தப் பெரிய பட்டப் போட்டியை எடுத்துக்கொண்டாலும் கடைசிப் பத்து நிமிடம் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. ஒருவர் எதிராளியின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, முதுகை வில்லாக வளைத்து, பின்கழுத்து தரையில் மோதும்படி வீசுகிறார். நடுவர் குப்புற விழுந்து தரையைத் தட்டுகிறார்; தோள் தரையில் இருக்கும்போதே மூன்று தட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவது தட்டுக்குக் கை இறங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே கிடப்பவரின் தோள் மேலே எழும்பிவிடுகிறது. பார்வையாளர்கள் கால்களால் தளத்தை உதைத்து ஆர்ப்பரிக்கிறார்கள். அரை நிமிடத்தில் அதைவிடக் கொடிய வீச்சு ஒன்று. மறுபடி ஒன்று, இரண்டு, தோள். இது ஐந்தாறு முறை நடந்த பிறகும் அரங்கம் சத்தம் போடத்தான் செய்கிறது. ஆனால் இத்துடன் ஆட்டம் முடிந்துவிடும் என்று யாரும் நம்புவதில்லை. அண்மை ஆண்டுகளின் ஆட்டங்களில் உள்ள முக்கியமான கோளாறு இந்த நம்பிக்கை இழப்புதான் என்பது என் கணிப்பு.

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஆட்டத்தில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. முடிவு தீர்மானிக்கப்பட்டிருப்பதால்தான் விமர்சிக்க முடிகிறது. குத்துச்சண்டையில் மந்தமான ஒரு சுற்றுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இங்கே எந்த வீச்சு எந்த நிமிடத்தில் வருகிறது, யார் எப்போது தளர்கிறார், எந்த வலி நினைவில் நிற்கிறது என்பதெல்லாம் யாரோ தெரிந்து எடுத்த முடிவுகள். அவற்றை எடை போடலாம், போடவும் வேண்டும்.

முதலில் சாதனையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சிறியதல்ல. 2010இல் தொடங்கி 2011 ஜனவரியில் ஷின்-கிபாவின் சின்ன அரங்கில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ஸ்டார்டம், 2019இல் புஷிரோடு நிறுவனத்தின் கைக்குப் போனபின் நாட்டின் மிகப் பெரிய பெண்கள் மல்யுத்த அமைப்பாக வளர்ந்தது. 2021 ஜூன் 12 அன்று டோக்கியோவின் ஓட்டா அரங்கில் உதாமி ஹயாஷிஷிதாவும் ஷியூரியும் மோதிய ஆட்டம் அந்தக் காலகட்டத்தின் உச்சம். ஷியூரி கலப்புத் தற்காப்புக் கலையில் யுஎஃப்சி வரை போய் வந்தவர்; அவருடைய உதையில் பாவனை குறைவு. உதாமியின் பலம் தூக்கி வீசுவதில். முப்பது நிமிட வரம்பு தீர்ந்ததும் ஆட்டம் நீட்டிக்கப்பட்டு, 43 நிமிடத்தைத் தாண்டி இருவருமே எழ முடியாமல் விழுந்து கிடந்த நிலையில் முடிந்தது. அந்த நீளத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இருவரும் எழ முடியாமல் போவதுதான் முடிவு என்றால், வீச்சுகள் குவிந்தாக வேண்டும். உடல்கள் காலியாவதை நாம் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்த ஆட்டத்தில் மிகை காரணத்தோடு வந்தது. பின்னால் வந்த பல ஆட்டங்களோ மிகையை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டன.

மனதில் நிற்கும் ஆட்டங்கள் நிற்பது வீச்சுகளின் எண்ணிக்கையால் அல்ல என்பதற்கு ஸ்டார்டமின் வரலாறே சாட்சி. 2021 மார்ச் 3 அன்று நிப்பான் புடோகானில் ஜூலியா, ஸ்டார்டமின் பெரிய பட்டங்களில் ஒன்றான தன் வெள்ளைப் பட்டத்தோடு தலைமுடியையும் பணயம் வைத்து டாம் நகானோவிடம் தோற்றார். ரிங்கிலேயே அவர் தலை மழிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 27 அன்று யோகோஹாமா அரங்கில் அதே நகானோ, வில்லி வேடத்தில் ஸ்டார்டமின் முதன்மையான சிவப்புப் பட்டத்தைக் கையில் வைத்திருந்த சாயா கமிதானியோடு, தோற்பவர் தொழிலையே விட வேண்டும் என்ற நிபந்தனையில் மோதித் தோற்று, ஓய்வு பெற்றார். இந்த இரண்டிலும் மூன்றாவது தட்டுக்கு ஒரு பொருள் இருந்தது. அது விழுந்தால் முடி போகும், வாழ்க்கை போகும். அதனால் ஒவ்வொரு முறை தோள் எழுந்தபோதும் பார்ப்பவர் மூச்சை அடக்கினார். அதே தோள், இழக்க எதுவும் இல்லாத சாதாரண ஆட்டத்தில் எட்டு முறை எழும்போது வெறும் தாளக்கட்டாகிவிடுகிறது.

இன்னொரு குறை நினைவு சார்ந்தது. பத்து நிமிடம் ஒருவருடைய முழங்காலை முறுக்கி, கயிற்றில் மாட்டி, உதைத்துப் பாழாக்குகிறார்கள். கால் நொண்டுகிறது, முகம் சுளிக்கிறது. பதினைந்தாம் நிமிடத்தில் அதே கால் மூலைக் கம்பத்தின் உச்சிக்குத் தாவி ஏறுகிறது, அங்கிருந்து பாய்கிறது, இறங்கியதும் ஓடுகிறது. அப்படியானால் முதல் பத்து நிமிடம் எதற்கு? நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவர் ஏழாம் அத்தியாயத்தில் காபி குடிக்க வந்தால் ஆசிரியரைக் கேட்க மாட்டோமா?

வீச்சுகளைக் குவிக்கும் இந்த வேகம் எப்படி வந்தது? பெருந்தொற்றுக் காலத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அப்போது ஜப்பானிய அரங்குகளில் கத்தத் தடை; கைதட்டலாம், அவ்வளவுதான். புடோகானும் ஓட்டாவும் அந்த மௌனத்தில்தான் நடந்தன. முனகலும் அலறலும் கேட்காத அரங்கில் ஒரு முகபாவத்தைவிட ஒரு பெரிய வீச்சுக்குக் கைதட்டு வாங்குவது எளிது. தடை போனது, பழக்கம் போகவில்லை. அதன் விலையைக் கொடுத்தவை உடல்கள். ஸ்டார்டமின் 2022 ஃபைவ் ஸ்டார் கிராண்ட் பிரீ தொடரில் 26 பேர், இரண்டு பிரிவு, ஆளுக்கு 12 லீக் ஆட்டம், இரண்டே மாதம். 2023 இலையுதிர் காலத்தில் முழங்கால் காயத்தால் நகானோ தன் சிவப்புப் பட்டத்தைத் துறந்தார். 2024 மே மாதம் மேரிகோல்டு அமைப்பின் முதல் நிகழ்ச்சியிலேயே ஜூலியாவின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. காயம் இந்தத் தொழிலில் சகஜம்தான். ஆனால் சகஜம் என்பது அதைக் கூட்டிக்கொண்டே போவதற்கு அனுமதி அல்ல.

தொண்ணூறுகளின் பொற்காலமும் இப்படித்தானே இருந்தது என்பது வலுவான எதிர்வாதம். உண்மை. 1995இல் மனாமி தொயோதாவும் கியோகோ இனோவேயும் ஒரு மணி நேரம் ஓயாமல் மோதி டிரா செய்தார்கள். தொயோதா அடிகளை மறந்துவிடுகிறார் என்ற புகார் அவர் ரசிகர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஆட்டமுறையை வளர்த்த ஆல் ஜப்பான் விமன்ஸ் அமைப்பில் 25 வயதில் ஓய்வு என்பது நெடுங்காலம் எழுதாத விதி. உடலைச் சில ஆண்டுகளில் செலவழித்துத் தீர்க்கும் ஏற்பாடு அது, அதைப் பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை. 1997 ஆகஸ்டில் பிளம் மரிகோ ஒரு ஆட்டத்தில் விழுந்து நினைவு திரும்பாமலே இறந்தார். இன்று வீராங்கனைகள் பதினைந்து, இருபது ஆண்டு ஆடுகிறார்கள், அது நல்லதே. நீண்ட தொழில்வாழ்வுக்கு அந்தக் குறுகிய வாழ்வின் வேகத்தைப் பொருத்துவது அறிவீனம்.

ரசிகர் கேட்பது இதுதானே என்றால், சிக்கனத்துக்கும் ரசிகர் இருக்கிறார்கள். 1995இல் அறிமுகமாகி 2025 ஏப்ரல் 29 அன்று கொராகுயென் ஹாலில் விடைபெற்ற மெய்கோ சதோமுராவின் கையில் இருந்தவை உதைகள், சில பிடிகள், ஓரிரு முடிவு வீச்சுகள். முப்பது ஆண்டுக்கு அவை போதுமாயிருந்தன. டோக்கியோ ஜோஷி புரோ என்ற இன்னொரு அமைப்பில் மியூ யமாஷிதாவின் தலை உதை விழுந்தால் அரங்கம் இன்றும் முடிவை எதிர்பார்க்கிறது. அங்கே ஆட்டங்கள் குறுகியவை, நகைச்சுவையும் கலந்தவை, சில நேரம் மிக லேசானவையும்கூட. வீச்சின் கனத்தில் ஸ்டார்டம் அவர்களை எளிதில் மிஞ்சும். வீச்சின் மதிப்பைக் காப்பதில் அவர்கள் முன்னால் இருக்கிறார்கள்.

ஸ்டார்டமுக்கு இன்று தேவை புதிய வீச்சு ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு முடிவு வீச்சு, ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே அதிலிருந்து ஒருவர் எழலாம் என்ற கட்டுப்பாடு போதும். இந்த உலகுக்குள் புதிதாக நுழைபவர்கள் 43 நிமிட ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். புடோகானில் ஜூலியா தலைமுடி இழந்த ஆட்டத்தை முதலில் பாருங்கள்.