மலராத ஐந்தாவது வளையம்

2014 பிப்ரவரி 23, இரவு. சோச்சி நகரின் ஃபிஷ்ட் அரங்கத் தரையில், வெள்ளிபோல் மினுங்கும் உடையில் ஒரு பெரும் நடனக்கூட்டம் மீன்திரள் மாதிரி சுழன்று வந்து வட்டம் கட்டுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வட்டம் விரிய வேண்டிய இடத்தில் நிற்பவர்கள் மட்டும் அசையவில்லை. ஒட்டிக்கொண்டு ஒரு கொத்தாகவே நிற்கிறார்கள். சில நொடிகள் அப்படியே போகின்றன. விஷயம் புரிந்ததும் அரங்கில் சிரிப்பு, கைதட்டல். அதன் பிறகுதான் அந்தக் கொத்து அவிழ்ந்து வளையமாகிறது.

புரிந்த விஷயம் இதுதான். 16 நாள் முன்பு, தொடக்க விழாவில், ஐந்து ஒளிப் பனிப்பூக்கள் மலர்ந்து ஒலிம்பிக் வளையங்களாக வேண்டும். நான்கு மலர்ந்தன, வலப்பக்க மேல்மூலையில் இருந்தது மலரவில்லை. உலகமே அதைப் படம்பிடித்துக் கேலி செய்தது. நிறைவு விழா அந்தக் கேலியைத் தானே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டது. குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாக்களில் இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு புத்திசாலித்தனமான காட்சியை நான் வேறு பார்த்ததில்லை. வசனம் இல்லை, விளக்கம் இல்லை. சில நொடி அசையாமல் நின்றார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். தொடக்க விழா இரவில், வளையம் சிக்கிக்கொண்ட நேரத்தில், ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி சட்டென்று ஒத்திகைப் படத்துக்குத் தாவிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து பார்த்த ரஷ்யருக்கு ஐந்து வளையமும் ஒழுங்காகத்தான் மலர்ந்தன. தொடக்க விழாவை வடிவமைத்த கான்ஸ்தாந்தின் எர்ன்ஸ்ட்தான் அந்தத் தொலைக்காட்சிக்கும் தலைவர். படத்தை மாற்றியதை அவர் பின்னர் ஒளிக்கவும் இல்லை. ஆக, நடக்கவே இல்லை என்று சொந்த மக்களுக்குக் காட்டிய ஒன்றை வைத்து, 16 நாள் கழித்து அவர்களுக்கே நகைச்சுவை! நிறைவு விழா என்ற சடங்கின் பலமும் பலவீனமும் இந்த ஒரு காட்சிக்குள்ளேயே இருக்கின்றன. தன் சின்னப் பிழையைப் பார்த்துச் சிரிக்க அதற்குத் தெரியும். பெரிய பிழை எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்க விழா ஒரு வாக்குறுதி. அதை எழுதுகிறவர்களுக்கு இனி என்ன நடக்கும் என்று தெரியாது. நிறைவு விழா எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருவது. யார் விழுந்தார், எது பழுதானது, எங்கே மானம் போனது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்ளும் விழா உயிரோடு இருக்கும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்ததை மட்டும் ஒப்பிக்கும் விழா, கச்சேரி எப்படிப் போனது என்றே தெரியாமல் வந்து மங்களம் பாடுகிறவர் மாதிரி.

சோச்சிக்கு இதில் முன்னோடி உண்டு. 2010இல் வான்கூவர் தொடக்க விழாவில், தரைக்கடியிலிருந்து எழ வேண்டிய நான்கு தூண்களில் ஒன்று எழவில்லை. அந்த நான்காவது தூணில் சுடரேற்ற வேண்டிய ஸ்பீடு ஸ்கேட்டிங் வீராங்கனை கேட்ரியோனா லே மே டோன், கையில் தீப்பந்தத்தோடு செய்வதறியாமல் நிற்க நேர்ந்தது. நிறைவு விழா தொடங்கியதும் எலக்ட்ரீஷியன் வேடத்தில் ஒரு கோமாளி குழிக்குள்ளிருந்து தலைகாட்டி, ஒயரைச் செருகி, கயிற்றைப் பிடித்து இழுத்து, படாதபாடு பட்டு அந்தத் தூணை எழுப்புகிறார். லே மே டோன் வந்து, அன்று ஏற்ற முடியாததை இன்று ஏற்றுகிறார். நிறைவு விழா நாள் பிற்பகல்தான் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியில் சிட்னி கிராஸ்பி கூடுதல் நேரத்தில் போட்ட கோலால் அமெரிக்காவை 3-2 என்று கனடா வென்றிருந்தது. அந்தக் கூட்டம் எதற்கும் சிரிக்கத் தயாராகத்தான் வந்திருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வந்த காற்றடைத்த ராட்சத பீவர்களும் சிவப்புச் சட்டைப் போலீஸ்காரர்களும் கொண்ட காட்சிகள் கொஞ்சம் நீண்டுவிட்டன. தன்னைத் தானே கிண்டலடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

இருந்தும் வான்கூவரை நான் சோச்சிக்கு மேலே வைக்கக் காரணம் அந்தக் கோமாளி அல்ல. தூண் எழாத அதே நாளில், விழா தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன், ஜார்ஜியாவின் நோடார் குமாரிடாஷ்விலி லூஜ் பயிற்சியில் தடத்தை விட்டுத் தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். வயது 21. நிறைவு விழாவில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் ஜான் ஃபர்லாங் தம் உரையில் அந்தப் பெயரைச் சொன்னார். ஜார்ஜிய மக்களை நோக்கியே பேசினார். அந்தத் தடம் ஏன் அவ்வளவு வேகம் கொடுத்தது என்ற கேள்விக்கு அந்த உரையில் பதில் கிடையாது. ஆனால் சிரிக்க வைத்த அதே மேடையில் அந்தப் பெயரும் ஒலித்தது.

சோச்சி நிறைவு விழாவைக் கலையாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. சுவிட்சர்லாந்தின் டேனியேலே ஃபின்ஸி பாஸ்கா அமைத்த காட்சிகள். ஷகால் ஓவியத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி தலைகீழாகத் தொங்கும் கிராமம். ரஹ்மானினவின் இசையை டெனிஸ் மாட்சுயேவ் வாசிக்க, சுற்றிலும் 62 பியானோக்கள். காற்றில் பறக்கும் தாள்களுக்கு நடுவே ரஷ்ய எழுத்தாளர்களின் முகங்கள். அழகுதான். ஆனால் வரிசையைப் பாருங்கள். ரஹ்மானினவ் 1917இல் நாட்டை விட்டுப் போய் அமெரிக்காவில் செத்தவர். ஷகால் 1922இல் வெளியேறியவர். அந்த முகங்களில் ஒருவரான சோல்செனித்சினை அரசே 1974இல் நாடுகடத்தியது. விரட்டப்பட்டவர்களையும் விலகியவர்களையும் திரும்பக் கூட்டிவந்து மேடையேற்றியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்பது என்றால் அது பெரிய செயல். ஆனால் அவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு அந்த மேடையில் சின்ன ஜாடைகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே பட்டுத்துணியில் மறைத்தார்கள்.

கடைசியில் ராட்சத இயந்திரக் கரடி ஒன்று ஊதிச் சுடரை அணைத்தது. அதன் கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் நிறைவில் மீஷா கரடி கண்ணீர்விட்டுப் பலூன்களோடு வானேறியதை நினைவூட்டத்தான். குழந்தைகளுக்குப் பிடித்திருக்கும். எனக்கு அது கடன் வாங்கிய கண்ணீராகவே பட்டது.

அதே இரவில் இந்தியாவுக்கும் ஒரு பழுது சரியானது; அதற்கு நடனமோ இயந்திரமோ தேவைப்படவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 டிசம்பரிலிருந்தே இடைநீக்கத்தில் இருந்தது. அதனால் தொடக்க விழாவில் சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் மூவரும் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். பிப்ரவரி 9 அன்று புதிதாகத் தேர்தல் நடந்து, சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன் தலைவரானார், 11ஆம் தேதி இடைநீக்கம் நீங்கியது. நிறைவு விழாவில் தாக்கூர் இந்தியக் கொடியோடு உள்ளே வந்தார். தொலைக்காட்சியில் அது கண்மூடித் திறக்கும் நேரம்தான். கேசவனின் லூஜ் போட்டியோ தடை நீங்குவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. அவருடைய ஓட்டத்தை எந்த விழாவாலும் திருப்பித் தர முடியாது. விழாவால் எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

குளிர்கால விழாவுக்கே உரிய ஒரு வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெடுந்தூர கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கின் பதக்கங்களை நிறைவு விழா மேடையில் வழங்குவது 2006 டூரினில் வந்தது. நல்ல யோசனை. காட்டுப் பாதையில் மணிக்கணக்காக மூச்சிரைக்க ஓடுகிறவருக்கு ஒரு முழு அரங்கத்தின் கைதட்டல் வேறு எப்போது கிடைக்கும்? டூரினில் 50 கிலோமீட்டர் போட்டியில் ஜெயித்தவர் இத்தாலியின் ஜார்ஜோ டி சென்டா. அவர் கழுத்தில் பதக்கம் போட்டவர் அக்கா மானுவேலா டி சென்டா. அவரும் முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன், அப்போது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர். எந்த இயக்குநர் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு காட்சி அமையாது.

அதே வழக்கம் சோச்சியில் என்ன ஆனது? 50 கிலோமீட்டரின் மூன்று பதக்கமும் ரஷ்யாவுக்கு: லெக்கோவ், விலெக்ஷானின், செர்னோஉசோவ். மூவருக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. அரங்கம் அதிர்ந்தது. பிறகு 2016இல், சோச்சி ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்தின் சுவரில் துளை போட்டு இரவோடிரவாகச் சிறுநீர்ப் புட்டிகளை மாற்றிய கதை வெளியே வந்தது. 2017 நவம்பரில் லெக்கோவ், விலெக்ஷானின் இருவரின் பதக்கங்களும் ரத்து. 2018 பிப்ரவரியில், ஆதாரம் போதாது என்று விளையாட்டு நடுவர் மன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. அன்றிரவு அரங்கத்தில் கைதட்டியவர் எதற்குக் கைதட்டினோம் என்று தெரிந்துகொள்ள நான்கு ஆண்டு காத்திருந்தார். தெரிந்ததா என்றால், அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. விழாவுக்கு அன்று இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கணக்கு முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் தொனி மட்டும் இன்றுவரை மாறவில்லை. அப்போதைய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக், மற்ற இடங்களில் பல பத்தாண்டு பிடிக்கும் வேலையை இங்கே ஏழே ஆண்டில் முடித்துவிட்டார்கள் என்று அந்த மேடையில் பாராட்டிக்கொண்டிருந்தார்.

2022 பெய்ஜிங்கில் விழாவுக்குத் தெரியாது என்ற சாக்கும் இல்லை. ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டி பிப்ரவரி 7இலேயே முடிந்துவிட்டது. ரஷ்யாவின் கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரத்தால் பதக்க வழங்கலே நடக்கவில்லை. 20ஆம் தேதி நிறைவு விழாவில் வேறு பதக்கங்கள் மேடையேறின, கொடி இறங்கியது, விளையாட்டு முடிந்ததாக அறிவித்தார்கள். அமெரிக்க ஸ்கேட்டர்களும் ஜப்பானியரும் அந்தப் பதக்கம் இல்லாமலே ஊர் திரும்பினார்கள். அவர்களுக்குத் தங்கமும் வெள்ளியும் கிடைத்தது 2024 ஆகஸ்ட் 7 அன்று, பாரிஸில், ஒரு கோடைக்கால ஒலிம்பிக்கின் நடுவே! குளிர்காலக் கணக்கு கோடையில் முடிந்தது.

அடுத்து நடத்தும் நாட்டின் எட்டு நிமிட நிகழ்ச்சியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது சுற்றுலாத் துறை விளம்பரம்.

இத்தனைக்கும் பிறகு இந்த விழாவில் தவறாமல் உயிரோடு இருப்பது செலவே இல்லாத ஒரு பகுதி. வீரர்கள் நாடு நாடாக அணிவகுக்காமல் கலந்தடித்து வருவது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு ஜான் இயான் விங் என்ற சீன வம்சாவளி ஆஸ்திரேலிய இளைஞர் எழுதிய கடிதத்திலிருந்து வந்த வழக்கம் இது. ஹங்கேரி, சூயஸ் என்று உலகம் பிளந்து கிடந்த ஆண்டு அது. இன்றும் அந்தச் சில நிமிடங்களில் கேமராவுக்கு எங்கே திரும்புவதென்றே தெரியாது. ஒருவர் இன்னொருவர் தோளில் ஏறியிருப்பார். யாரோ வேறு நாட்டுத் தொப்பியைப் போட்டிருப்பார். காலில் கட்டோடு ஒருவர் ஊன்றுகோலை ஆட்டிக்கொண்டே வருவார். இயக்குநரின் கைக்கு அடங்காத நேரம் இது ஒன்றுதான். இதை நீட்டி, பியானோக்களைப் பாதியாகக் குறைத்தாலும் எனக்குச் சம்மதம்.

சோச்சியில் அன்று அப்படிக் கலந்து வந்தவர்களில் உக்ரைனியர்களும் இருந்தார்கள். இரண்டு நாள் முன்புதான் அவர்களுடைய பெண்கள் பயத்லான் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றிருந்தார்கள். கீவ் தெருப் போராட்டத்தில் அந்த வாரம் சுடப்பட்டு இறந்தவர்களுக்காக அங்கேயே மௌன அஞ்சலியும் செலுத்தினார்கள். நிறைவு விழாவுக்கு முதல் நாள் உக்ரைன் நாடாளுமன்றம் அதிபர் யானுகோவிச்சைப் பதவியிறக்கியது. விழா மேடையில் இவற்றின் சுவடே இல்லை. நான்கு நாள் கழித்து ஆயுதம் தாங்கிய ரஷ்யப் படையினர் உக்ரைனின் கிரைமியா நாடாளுமன்றக் கட்டடத்தைப் பிடித்தார்கள்.

மார்ச் 7 அன்று அதே ஃபிஷ்ட் அரங்கில் பாராலிம்பிக் தொடக்க விழா. உக்ரைன் என்று அறிவித்ததும், ஓர் அணி வர வேண்டிய இடத்தில் மிகைலோ தக்கச்சென்கோ மட்டும் சக்கர நாற்காலியில் கொடியோடு வந்தார். பின்னால் ஒருவரும் இல்லை. 12 நாள் முன்பு நடனக்காரர்கள் விளையாட்டாக விரியாமல் நின்ற அதே தரை. அடுத்த நாட்களில் பதக்க மேடை ஏறிய உக்ரைன் வீரர்களில் சிலர், கழுத்தில் விழுந்த பதக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார்கள்.