புல்ட்மன் நிறுத்திய இடம்

1941இல் ஜெர்மனியின் அல்பிர்ஸ்பாக் ஊரில் கூடிய இறையியலாளர்கள் முன் மார்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரூடால்ஃப் புல்ட்மன் ஓர் உரை நிகழ்த்தினார். புதிய ஏற்பாட்டின் உலகம் மூன்றடுக்கு உலகம்: மேலே பரலோகம், நடுவே பூமி, கீழே பாதாளம், இடையே தூதர்களும் பிசாசுகளும். வீட்டில் மின்விளக்கும் வானொலியும் வைத்துக்கொண்டு, நோய் வந்தால் மருத்துவரை நாடுகிற மனிதன் இந்த உலகத்தையும் நம்புவதாகச் சொல்வது நேர்மையாகாது என்றார் அவர். தொன்மநீக்கம் என்று அறியப்பட்ட அவருடைய முறை, கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் புதுப்பொருள் காணும் முயற்சிகளில் மிகவும் பொறுப்பானது. அதனாலேயே அத்தகைய முயற்சிகளின் எல்லை எங்கே இருக்கிறது என்பதும் அதில்தான் நன்றாகத் தெரிகிறது.

தொன்மத்தை வெட்டி எறியும்படி புல்ட்மன் சொல்லவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையின் தாராளவாத இறையியலாளர்கள்தான் அற்புதங்களைக் கழித்துவிட்டு, மிஞ்சிய இயேசுவை ஒழுக்க ஆசிரியராக நிறுத்தினார்கள். அதில் நற்செய்தியே காணாமற்போனது என்பதைப் புல்ட்மன் கண்டார். தொன்மத்தின் வழியே மனித வாழ்வைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று கேட்டார். மார்பர்க்கில் சிலகாலம் உடன் பணியாற்றிய மெய்யியலாளர் ஹைடெக்கரின் சிந்தனை அந்தக் கேள்விக்கு மொழி கொடுத்தது.

இந்த முறையின் பலத்துக்கு இரண்டாம் வருகை நல்ல உதாரணம். கிறிஸ்து தங்கள் காலத்திலேயே திரும்பி வருவார் என்று ஆதிச்சபை காத்திருந்தது, அவர் வரவில்லை. இதை எப்படி எதிர்கொள்வது? யோவான் நற்செய்தியைப் பாருங்கள் என்றார் புல்ட்மன். வசனத்தைக் கேட்டு விசுவாசிக்கிறவன் மரணத்தைவிட்டு ஜீவனுக்கு ஏற்கெனவே கடந்துவிட்டான் என்று அங்கே எழுதியிருக்கிறது. நியாயத்தீர்ப்பு நாளை மேகத்தில் வரவேண்டியதில்லை. இன்று காதில் விழும் வார்த்தையிலேயே அது மனிதனை நேருக்கு நேர் நிறுத்துகிறது. அப்படியானால் மறுவிளக்கம் வெளியிலிருந்து புகுந்ததல்ல, வேதாகமத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது. நான் அறிந்தவரை இந்த வாதத்துக்குச் சரியான மறுப்பு இல்லை. பழைய சொற்களை அப்படியே ஒப்பிப்பதுதான் விசுவாசம் என்பவர்கள் யோவானையும் சேர்த்தே கண்டிக்க வேண்டியிருக்கும்.

இதே முறை உயிர்த்தெழுதலைத் தொடும்போதுதான் சிக்கல் வருகிறது. இயேசு எழுந்தது சீடர்களின் பிரசங்கத்துக்குள் என்பதே புல்ட்மனின் முடிவு. சிலுவையில் அறையப்பட்டவர் அறிவிக்கப்படும் வார்த்தையில் இன்றும் நம்மைச் சந்திக்கிறார். ஈஸ்டர் விசுவாசத்தின் பொருள் அதுவே, கல்லறையில் என்ன நடந்தது என்பது விசுவாசத்தின் அக்கறையல்ல. ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் சாட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார். கேபா, பன்னிருவர், பிறகு ஒரே வேளையில் ஐந்நூறு பேருக்கு மேல்; அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். சந்தேகமிருந்தால் போய் விசாரியுங்கள் என்று சொல்கிறவரின் குரல் இது. இந்தப் பகுதியைப் புல்ட்மனால் விளக்க முடியவில்லை. பவுல் இங்கே ஆபத்தான வழியில் போய்விட்டார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பவுலின் உள்ளக்கருத்தை எடுத்துரைப்பதாகப் புறப்பட்டவர் பவுலைத் திருத்தும் நிலைக்கு வந்தார். விளக்கம் அங்கே முடிந்து மாற்றீடு தொடங்கிவிட்டது என்பேன்.

எல்லையை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? செயலைச் செய்தவர் யார் என்று பார்த்தால் போதும். மேகம், எக்காளம், வலதுபாரிசம் எல்லாம் சித்திரங்கள். அவற்றை மாற்றலாம், சபை காலங்காலமாக மாற்றித்தான் வந்திருக்கிறது. ஆனால் 'தேவன் இயேசுவை எழுப்பினார்' என்பது 'சீடர்கள் தங்களைப் புதிதாகப் புரிந்துகொண்டார்கள்' என்று ஆகும்போது, செய்தவர் தேவன் என்ற நிலை போய் மனிதன் என்ற நிலை வந்துவிடுகிறது. இரண்டாவது கூற்று உண்மையாகவே இருக்கலாம். முதலாவதின் விளக்கமாக மட்டும் அது இருக்க முடியாது.

புல்ட்மனும் முழுவதும் அந்தப் பக்கம் போய்விடவில்லை. கிறிஸ்துவில் தேவன் செயல்பட்டார் என்பதை அவர் கடைசிவரை விடவில்லை. அதையும் ஏன் வைத்திருக்கிறீர்கள், அதுவும் தொன்மத்தின் மிச்சம்தானே என்று சுவிஸ் இறையியலாளர் ஃபிரிட்ஸ் பூரி கேட்டார். புல்ட்மனின் முறைக்குள் இதற்குப் பதில் இல்லை. அவரை நிறுத்தியது அவருடைய விசுவாசம். முறையைப் பின்பற்றியவர்கள் எல்லோரும் அந்த விசுவாசத்தையும் சேர்த்துப் பெறவில்லை. இங்கிலாந்தில், வேறு வழியாக வந்தாலும், கேம்பிரிட்ஜின் டான் கியூபிட் என்ற குருவானவர் 1980இல் எழுதிய நூலில் மனத்துக்கு வெளியே கடவுள் என ஒருவர் இல்லை, நம் சமய விழுமியங்களின் சின்னமே அவர் என்றார். இதே பாதையில் 1993இல் நூல் எழுதிய ஆன்டனி ஃபிரீமன் என்ற ஆங்கிலிக்கன் குரு, மறு ஆண்டு தன் பேராயரால் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நூல் எழுதியதற்காகப் பதவி பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபிரீமன் தன் கருத்தை வெளிப்படையாக எழுதினார். அந்தத் துணிவை மதிக்கிறேன்.

எனக்குப் பொறுக்காதது மறைத்துவைப்பதுதான். ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தின் அடக்க ஆராதனையில் அதே 15ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. குழியருகே நிற்கும் தாய், தன் பிள்ளை எழுந்திருப்பான் என்று கேட்கிறாள். வாசிக்கிறவர் மனத்தில் 'வாழ்வோர் பெறும் புதிய சுயபுரிதல்' என்று வேறு பொருள் ஓடிக்கொண்டிருந்தால், ஒரே சொல்லை வைத்து இருவர் இரண்டு பேச்சுப் பேசுகிறார்கள். அது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவளோடு வாதாடச் சொல்லவில்லை. அதற்கு முன் எத்தனையோ வேத வகுப்புகளில், இளைஞர் கூட்டங்களில், தான் நம்புவதை அவர் சபையாருக்குச் சொல்லியிருக்கலாம். வளர்ந்த மனிதர்கள் அவர்கள். கேட்பார்கள், மறுப்பார்கள், சிலர் ஒத்துக்கொள்ளவும் செய்வார்கள்.

இறையியலாளர் கார்ல் பார்த் 1948இல் வெளியிட்ட தன் கோட்பாட்டு நூலின் ஒரு பகுதியில் உயிர்த்தெழுதலைப் பற்றிப் புல்ட்மனுக்கு நேராகப் பதில் சொன்னார். வரலாற்றாசிரியரால் நிறுவ முடியாத ஒன்று காலத்தில் நிஜமாகவே நடந்திருக்கலாம். நிறுவ முடியாது என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இது எல்லாச் சிக்கலையும் தீர்க்கவில்லை. எந்த வகையான நிகழ்வு அது என்று கேட்டால் பார்த்திடமும் தெளிவான விடை கிடைக்காது. அந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் பவுலின் சாட்சிகளை வெளியே அனுப்பாமல் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்க அவரால் முடிகிறது.