வெளிநாட்டுத் துப்பறிவாளருக்கு மட்டும்

2018 முதல் வந்த தமிழ்நாட்டின் புதிய பள்ளிப் பாடநூல்கள் தமிழ்த் துணைப்பாடத்தைக் கடைத்தேற்றிவிட்டதாகச் சிற்றிதழ் வட்டாரத்தில் ஒரு பெருமிதம் உலவுகிறது. கி.ரா., தி.ஜானகிராமன், கு.அழகிரிசாமி, பூமணி, ஜெயமோகன் எல்லாரும் பாடநூலுக்குள் வந்தாயிற்று. இனிப் பிள்ளைகளின் ரசனை தானாக வளருமாம். தேர்வு அருமையான தேர்வு. நம்பிக்கைதான் அசட்டு நம்பிக்கை.

முன்கதை எல்லாருக்கும் தெரியும். பழைய துணைப்பாடம் என்றால் நீதிக்கதை, தலைவர் வரலாறு, கல்லூரிக்குப் போனால் மு.வ. வகுப்புக்கு வெளியே ஓடிய பாடத்திட்டம் வேறு. கல்கண்டில் துப்பறியும் சங்கர்லால், 1972இல் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, பிறகு சுஜாதா, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. சமயநல்லூரிலிருந்து மதுரைக் கல்லூரிகளுக்குப் பஸ்ஸேறிய தலைமுறை, ஆரப்பாளையம் வருவதற்குள் மாத நாவலில் பாதியை முடித்திருக்கும். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு படித்த அந்தக் கூட்டத்திலிருந்துதான் பின்னாளில் அசோகமித்திரனுக்கும் வாசகர்கள் வந்தார்கள். க.நா.சு. வழி விமர்சனம் இதைக் கணக்கில் எடுத்ததே இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இருக்கிறது. தகப்பனைச் சாய்த்த வாடிபுரம் காரிக் காளையை ஜல்லிக்கட்டில் அணைய வருகிறான் பிச்சி. காளை எப்போது வரும், வந்தால் என்ன ஆகும் என்று பக்கத்துக்குப் பக்கம் இழுத்துப்பிடிக்கிறார் செல்லப்பா. அப்பட்டமான பழிவாங்கும் கதை. அதன் உயிரே அந்தப் பதைப்புதான். அலங்காநல்லூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் சமயநல்லூர்ப் பையனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறையில் அது தமிழர் வீரம், பண்பாடு, முன்னுரை, முடிவுரை என்று உரைநூல் பதமாகிவிடுகிறது. பத்தாம் வகுப்பிலும் துணைப்பாடமான விரிவானம் என்றாலே எட்டு மதிப்பெண் நெடுவினா என்றுதான் பிள்ளைகளுக்கு அர்த்தம்.

சரி, துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை போன்ற வகைக் கதையே பள்ளிக்கு ஆகாதா? அதே புத்தகப்பையில் இருக்கும் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் ஷெர்லாக் ஹோம்ஸ் வருகிறார். ஜூல்ஸ் வெர்ன் 2889ஆம் ஆண்டுக்குக் கூட்டிப்போகிறார். பன்னிரண்டாம் வகுப்பில் ரே பிராட்பரியின் வெள்ளிக் கிரகம், ராபர்ட் ஆர்தரின் உளவாளி. வெர்ன் தமிழ்ப் பாடநூலிலும் ஏழாம் வகுப்பில் ஆழ்கடலுக்குள் இறங்குகிறார். துப்பறிதலும் விஞ்ஞானப் புனைவும் வெள்ளைக்காரர் எழுதினால் பாடம். சங்கர்லாலும் ராஜேஷ்குமாரின் விவேக்கும் மட்டும் படிப்பைக் கெடுப்பவர்கள். இதைத் தரம் என்று சொல்வது வெட்கக்கேடு.

மாத நாவல்களில் குப்பை நிறைய உண்டு. சிற்றிதழ்க் கதைகளிலும் உண்டு. பொறுக்கித் தரத்தானே பாடநூல் குழு? ஒன்பதாம் வகுப்பில் தி.ஜா.வின் ‘செய்தி’ இருக்கட்டும், பக்கத்திலேயே சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதை ஒன்றும் இருக்கட்டும். முன்னோடியிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894லேயே வந்துவிட்டது. நடையைக் கொஞ்சம் எளிதாக்கினால் போதும். உரிமைத்தொகைகூடத் தர வேண்டியதில்லை.