தாளமே பிரதானம்

ஜேம்ஸ் பிரவுன் 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் சின்சினாட்டி நகரத்துக் கிங் ரெக்கார்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிவு செய்த 'கோல்ட் ஸ்வெட்' என்னும் பாட்டில், இராக விஸ்தாரத்தையோ ஸ்வரக்கூட்டுகளின் அலங்காரத்தையோ தேடிப் போகிற ரசிகர் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். ஏனென்றால், ஒரே ஸ்வரக்கூட்டைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்று, நடுவில் ஒரு பகுதியில் மாத்திரம் வேறொன்றுக்குப் பெயர்ந்து, மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுகிற அந்தப் பாட்டு, தன் சௌந்தரியம் அனைத்தையும் தாளத்திலேயே வைத்திருக்கிறது. 1965இல் வெளிவந்த 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' இதற்கு வழி காட்டியது உண்மைதான். ஆனால் சங்கற்பம் பூரணமாக நிறைவேறியது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கைவண்ணத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் அழுத்தி அடிப்பது அந்நாளைய சம்பிரதாயம். இவரோ இரண்டாவதை முறைப்படி அடித்துவிட்டு, நான்காவதை வேண்டுமென்றே அரை எண்ணிக்கை தள்ளிப்போட, எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமல் ஒரு க்ஷணம் தவித்துப் போகும் நம் உடம்பு, அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையை நோக்கித் தானாகவே பாய்கிறது. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' தந்த தூண்டுதலால் ஆல்ஃபிரட் எல்லிஸ் அமைத்த ஊதுவாத்தியங்களின் வாசகம் அந்தப் பாய்ச்சலுக்கு நடுவே சுருக்கமாகப் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பிரவுனின் குரலும் இங்கே ஒரு தாள வாத்தியமே. சொல்லைப் பாதியில் வெட்டியும், பெருமூச்சாக்கியும், அர்த்தமற்ற வெறும் கூச்சலாக்கியும், தட்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் அவர் எறிகிற லாகவத்தை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. அதைவிடப் பெரிய குணம் அவருடைய ஔதார்யம்: மேசியோ பார்க்கரைப் பெயர் சொல்லி அழைத்து ஸாக்ஸஃபோன் வாசிக்கச் செய்து, டிரம்ஸ்காரருக்கும் இடம் விடச் சொல்லித் தாம் விலகி நிற்கிறார்.

ஏழு நிமிஷத்துக்கு மேல் நீளும் இப்பாட்டை இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்து வெளியிட்டார்கள். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. ஆக்கியோர் என்று பிரவுன், எல்லிஸ் இருவர் பெயர் மாத்திரமே பதிவாகியிருக்க, பாட்டின் பிராணனாகிய அந்தத் தள்ளிப்போன அடியை அடித்த ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் அவற்றோடு சேராமற்போனது எனக்குத் தீராத மனக்குறை.