கழுமரமும் பொற்கிழியும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து இலக்கியப் பேச்சில் மதுரைக் கழுவேற்றம் வந்தால் இரண்டு கட்சிகள்தான். நடந்தது என்று ஒன்று. வெறும் கட்டுக்கதை என்று மற்றது. இரண்டுமே சேக்கிழாரைப் படிக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழிகள் என்று எனக்குப் படுகிறது.

சரித்திரம் இரண்டாம் கட்சிக்கே சாதகம். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரின் பதிகங்களில் சமணர் மீது வசை உண்டு. எண்ணாயிரம் பேர் கழுவேறிய செய்தி இல்லை. ராஜபாளையத்துக்குத் தெற்கே கழுகுமலையில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சமணர்கள் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். கூண்டோடு அழிந்தவர்கள் செய்கிற காரியமல்ல இது. நீலகண்ட சாஸ்திரியும் இதைச் சரித்திரமாக ஏற்கவில்லை.

சரி, நடக்காததை ஏன் இவ்வளவு ஆசையோடு சொன்னார்கள்? 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பழியைப் பங்கிடுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். மடத்துக்குத் தீ வைத்தவர்கள் சமணர்கள். தோற்றால் கழுவேறுவோம் என்று வாய்விட்டவர்களும் அவர்களே. ஆணை அரசனுடையது, நிறைவேற்றுகிறவர் குலச்சிறையார். பிள்ளையாருக்கோ பகையில்லை, ஆனாலும் தீயிட்ட குற்றத்தை எண்ணித் தடுக்காமல் இருந்தார். கவியின் மனம் உறுத்திய இடம் இதுதான். உறுத்தியதால்தான் காரணம் சொல்கிறார். சொன்னதும் உறுத்தல் அடங்கிவிடுகிறது.

14ஆம் நூற்றாண்டில் சாஸரின் கன்னிமடத் தலைவி சொல்லும் கதையிலும் பாடும் சிறுவன், அவனைக் கொல்லும் யூதர்கள், சட்டத்தின் பெயரால் அவர்களைத் தூக்கிலிடும் அதிகாரி. பாடுகிறவன் கை சுத்தம். இப்படிப்பட்ட கதை ஒன்றை நம்பி லிங்கன் நகர யூதர்களை 1255இல் தூக்கிலிட்டார்கள். 1290இல் இங்கிலாந்தைவிட்டே துரத்தினார்கள். கதை நடந்ததா என்பது மட்டும் கேள்வியல்ல. கதை எதை நடத்தி வைக்கும் என்பதும் கேள்வி.

வேறு விதமாகச் சொல்ல வழியில்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் பாண்டியன் சபையில்தான் வாதில் வென்றார். பொற்கிழி தானே தாழ்கிறது. தோற்றவர்களுக்குத் தண்டனை இல்லை. யானைமேல் பவனி வரும் வெற்றியாளருக்கு, எதிரே காட்சி தந்த பெருமாளுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று பயம், பல்லாண்டு பாடுகிறார். வெற்றி பரிவாக மாறிவிடுகிறது. வைணவம் சாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெருமாளைப் பழிக்கும் சமண, பௌத்தர்களின் தலையைக் கொய்வதே தகும் என்று திருமாலையில் பாடியவர் தொண்டரடிப்பொடி. பாண்டிய சபை, சமய வாதம், அற்புதம் என்ற அதே சரக்கில் கழுமரம் இல்லாத கதையும் சாத்தியம் என்பதே என் வாதம்.

ஆகவே கழுமரம் ஒரு தேர்வு. பரஞ்சோதி அதற்குத் தனிப் படலமே ஒதுக்கி, இறைவன் திருவிளையாடல்களில் ஒன்றாக்கினார். பெரியபுராணம் மகத்தான காவியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மகத்தான காவியம் என்பதாலேயே அந்தத் தேர்வுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.