திரைக்குப் பின்னால் நிற்கும் குழந்தை

சிறுவர் நடிக்கும் நாடகங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மேடையோடு நின்றுவிடுகின்றனர். உச்சரிப்பு தெளிவாக இருந்ததா, பாட்டு சுதியோடு சேர்ந்ததா என்று பார்க்கின்றனர். ஒப்பனை அறையில் அக்குழந்தைகள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை விமரிசனத்திற்குரிய பொருளாக எவரும் கொள்வதில்லை. அவ்வை தி. க. சண்முகம் எழுதி 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலைப் படிக்கும்போது இக்குறை நமக்கு நன்கு விளங்குகிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஆறு வயதுச் சண்முகம் தம் தமையன்மாருடன் அதில் சேர்ந்தார். அவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தி நாடக உலகம் நன்கு அறிந்தது. ஒரு சிறுவனின் ஆற்றலை இனங்கண்டு, அவனுக்காக இரவெல்லாம் விழித்திருந்த ஆசிரியரை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது. அந்த நன்றியே இந்நூலுக்கு உயிர். தமிழ் நாடக வரலாற்றுக்கு இது ஓர் அரிய ஆவணம் என்பதிலும் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. இந்த நன்றியைச் சொல்பவர் வென்று நின்ற ஒருவர். பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றனர், இரவெல்லாம் நடித்தனர், தவறினால் அடியும் பட்டனர். குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர் மகரக்கட்டு என்பர். அது வந்ததும் பாட முடியாமல் இடமிழந்த சிறுவர் பலர். அவர்களுள் எத்தனை பேர் தம் வரலாற்றை எழுதினர்? ‘ஏசுநாதர்’ நாடகத்தை மேடையேற்றிய நவாப் ராஜமாணிக்கம் உட்பட அம்மரபு நமக்குத் தந்த கலைஞர்கள் பெரியோர். அவர்களுடைய பெருமையைக் கொண்டு அம்மரபு முழுவதையும் அளந்துவிட முடியாது. அங்கே கட்டுப்பாடு இருந்தது, அன்பும் இருந்தது. ஆனால் இரண்டும் நாடகம் நன்றாக நடைபெற வேண்டும் என்ற நோக்கத்திற்கு உட்பட்டே இருந்தன.

இதனோடு ஒப்பிடத்தக்க வேறொரு மேடை இத்தாலியின் தூரின் நகரில் இருந்தது. புனித தொன் போஸ்கோ தம் இல்லங்களின் சிறு நாடக அரங்கிற்கென விதிகள் வகுத்தார். 1877இல் அச்சான இல்ல ஒழுங்குகளில் அவை இடம்பெற்றன. சிறுவரை மகிழ்விப்பதும், பயிற்றுவிப்பதும், நன்னெறியில் வளர்ப்பதுமே நாடகத்தின் நோக்கம் என அவர் கண்டார். நன்னடத்தை உடையோரையே நடிக்கத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வப்போது அவர்களுக்குப் பதிலாக மற்றவர்களுக்கும் வாய்ப்பளிக்க வேண்டும். நடிப்புத் திறன் உள்ளவர்களுக்கென்று தனி விருந்தும் பாராட்டும் வழங்கலாகாது. மேலோட்டமாக நோக்குவோருக்கு இவை கலைக்குப் பகையான விதிகளாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், எந்தச் சிறுவனும் நாடகத்திற்கு இன்றியமையாதவன் ஆகிவிடாதபடி அவை காப்பதை உணரலாம். இன்றியமையாதவன் ஆக்கப்பட்ட பிள்ளை, காய்ச்சல் கண்டாலும் மேடையேறியே தீர வேண்டும். அவனைவிட நாடகம் பெரிதாகிவிடுகிறது.

தொன் போஸ்கோவின் கல்விமுறையில் பெரியவர்கள் பிள்ளைகளிடையே உடனிருப்பது அடிப்படையான கடமை. தவறு நேர்ந்தபின் தண்டிப்பதினும், நேராதபடி உடனிருப்பதே அன்பு என்பது அவர் கொள்கை. இன்று நம் நாட்டுச் சட்டமும் இதையொத்த வழியில் செல்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கலை நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் குழந்தை ஒரு நாளில் 5 மணி நேரத்திற்கு மேலோ, ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேலோ பணியாற்றலாகாது. 5 குழந்தைகளுக்கு மிகாமல் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். இவ்விதிகள் திரைப்படம் முதலிய தொழில்துறையை முன்னிட்டு எழுந்தவை. எனினும், ஊதியம் இல்லாத பங்கு நாடகத்தில் நடிக்கும் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பு போதும் என்று சொல்வார் உண்டோ?

கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தன்று நம் கோவில் வளாகங்களில் காண்பது என்ன? சரிகைத் தாள் இறக்கையோடு நாற்பது வானதூதர்கள் மாலை ஐந்து மணி முதலே காத்திருக்கின்றனர். பசித்த பிள்ளைக்கு, ஒப்பனை கலைந்துவிடும் என்று உணவு மறுக்கப்படுகிறது. சிறுமியரும் சிறுவரும் உடை மாற்றும் ஒரே அறைக்குள் யார் யாரோ வந்து போகின்றனர். வசனம் மறந்த இடையச் சிறுவன் எல்லார் முன்னும் ஏச்சு வாங்குகிறான். இவையெல்லாம் முடிந்தபின் நாடகம் அருமை என்று நாம் கைதட்டுகிறோம்.

குழந்தையாய் வந்த கடவுளைக் கொண்டாடும் நாடகம் இது. சிறியோரை இடறச் செய்வோருக்கு ஆண்டவர் உரைத்த எச்சரிக்கை ஒப்பனை அறைக்கும் உரியது. ஆகவே, நாடகப் பிரதியைத் தேர்ந்தெடுக்குமுன் திரைக்குப் பின்னால் நிற்கப்போகும் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்போம். தனித்தனி அறை, நேரத்தில் உணவு, தனியே எந்தப் பிள்ளையையும் அழைத்துச் செல்லாத ஒழுங்கு, பெற்றோர் அறிந்த நேரத்தில் வீடு திரும்புதல் ஆகியவற்றை உறுதி செய்வோம். மறுநாள் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது, இடையனாக நடித்த அச்சிறுவன் அடுத்த ஆண்டும் விரும்பி வருவானா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்போம்.