மணியாச்சியில் வெடித்தது ரிவால்வர் இல்லை

எங்க ஊர் மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்க்க வருகிறவர்கள், வாசலில் நிற்கும் இரண்டு துவாரபாலகர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உள்ளே மூன்று கருவறைகளும் காலி. அங்கே சிலையைவிடப் பெரிய விஷயம் ஒரு சின்னக் கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில், முதலாம் மகேந்திரவர்மன் வெட்டி வைத்தது. பிரமன், ஈசன், திருமால் மூவருக்குமான இந்தக் கோயிலை விசித்திரசித்தன் என்ற அரசன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் செய்வித்தான் என்பது அதன் சாரம். எதனால் செய்தது, எது இல்லாமல் செய்தது என்று ஏழாம் நூற்றாண்டில் ஓர் அரசன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஒரு வரியை வைத்துத்தான் தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக்கலை வரலாற்றில் ஓர் அத்தியாயமே எழுதினார்கள்.

இந்தப் பதிவு கோயிலைப் பற்றியது இல்லை. ஒரு துப்பாக்கியைப் பற்றியது. செய்பொருளைச் சரியாகச் சொல்வது வரலாற்றுக்கு எவ்வளவு உதவும் என்பதற்குத்தான் கல்வெட்டை முன்னால் வைத்தேன்.

போன வருஷம் சுதந்திர தினத்துக்கு முன்னால் அக்கா பையன் ஒரு சார்ட் பேப்பரோடு வந்தான். வாஞ்சிநாதன் படம். தலைப்பாகை, கோட்டு, கையில் நடுவில் உருண்டையாக ஒரு சிலிண்டர் வைத்த ரிவால்வர். "மாமா, சரியா இருக்கா பாரு"ன்னான். முகம் நல்லா வந்திருந்தது. "ரொம்ப சரி"ன்னு சொல்லிட்டேன். பரிசும் வாங்கிட்டு வந்தான்.

அதே மாதம் சம்பந்தமே இல்லாமல் ஸ்பெயின் ராணுவத்தின் அஸ்ட்ரா 400 என்ற கைத்துப்பாக்கியின் வடிவமைப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் மூதாதையைத் தேடிப் போனால் பெல்ஜியத்தின் பிரவுனிங்கில் போய் நின்றது. பெயரைப் பார்த்ததும் சுருக்கென்றது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்தானே! அதில் சிலிண்டரே கிடையாதே! நான் பையனிடம் சொன்னது தப்பு.

"சுட்டது சுட்டதுதானே, எந்தத் துப்பாக்கியா இருந்தா என்ன?" என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் வாஞ்சியைப் பற்றி நாம் பேசுவது, எழுதுவது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாவற்றிலும் இந்த ஒரு பொருள் மங்கலாகவே இருப்பதற்கும், அந்தக் கதையே ஒரு தனி மனிதனின் வீரக் கதையாகச் சுருங்கிப்போனதற்கும் தொடர்பு உண்டு என்று இப்போது நினைக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பொருள். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். உருளை தடிமனானது, சட்டைக்குள் வைத்தால் புடைத்துக்கொண்டு தெரியும். பிரவுனிங் வேறு வகை. ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். ஆலை 1899 வாக்கில் உற்பத்தியைத் தொடங்கியது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு தட்டையான மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். மேலே ஸ்லைடு என்ற நகரும் பாகம். சுட்டதும் ஸ்லைடு பின்னால் போய் வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதை முன்னால் இழுக்கும்போது அடுத்த தோட்டா தானாகவே குழலுக்குள் ஏறிவிடும். விசையை ஒவ்வொரு முறை இழுத்தாலும் ஒரு குண்டு. அந்தக் காலத்தில் இதை 'ஆட்டோமேட்டிக்' என்றார்கள். இப்போதைய கணக்கில் அரைத்தானியங்கி.

இதில் கவனிக்க வேண்டியது, குழலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்க எந்தப் பூட்டும் கிடையாது என்பது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் குண்டு வெளியேறும்வரை பின்பக்கத்தை மூடி வைத்திருக்கின்றன. சின்னத் தோட்டா என்பதால் இதுவே போதும். 1911க்குள் எஃப்.என். விற்ற பிரவுனிங் கைத்துப்பாக்கிகள் எல்லாமே இந்தப் பூட்டில்லா முறைதான். பாகம் குறைவு, தட்டை, எடை குறைவு. முதல் மாடலான 1900இன் எடை சுமார் 625 கிராம், மேகசினில் ஏழு தோட்டா. பெல்ஜிய ராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்கான கைத்துப்பாக்கியாக ஏற்றுக்கொண்டது.

அதிகாரிக்கென்று ஏற்ற பொருள் யார் யார் கைக்குப் போனது என்று பாருங்கள். 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவைச் சுட்ட ஷௌமன் கையில் பிரவுனிங். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைச் சுட்ட கொரியர் ஆன் ஜுங்-குன் கையில் பிரவுனிங். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைச் சுட்ட அனந்த் கன்ஹரே கையிலும் அதுதான். 1914இல் சரயேவோவில் பிரின்சிப் கையில் இருந்ததும் அதே ஆலையின் 1910 மாடல். நம்ம மணியாச்சி இந்த வரிசையின் நடுவில் இருக்கிறது. ஷெங்கோட்டைக்காரர் ஒருவரின் கோபம் மட்டும் என்று பார்த்தால் இந்த வரிசை கண்ணுக்குத் தெரியாது.

சரி, மணியாச்சிக்கு வருவோம். ஆஷ் தம்பதி கொடைக்கானல் போகிற வழி. முதல் வகுப்புப் பெட்டி, இணைப்பு ரயிலுக்காக நிற்கிறது. வாஞ்சி பெட்டிக்குள் ஏறி, மிகக் கிட்டத்தில் இருந்து மார்பில் சுடுகிறார். பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, வாய்க்குள் வைத்துத் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். அவருக்கு 25 வயது. புனலூரில் வனத்துறையில் வேலை.

இதை மேடையில் சொல்கிறவர்கள் 'குறி தவறாத வீரன்' என்பார்கள். ஒரு ரயில் பெட்டிக்குள், கை எட்டும் தூரத்தில் குறி என்ன குறி? பலநாள் பழகிய கை தேவைப்படாத துப்பாக்கி அது. கோட்டுக்குள் மறைத்துவைத்து, கூட்டத்தோடு நடந்துபோய், எடுத்து, ஒரு முறை விசையை இழுத்தால் போதும். அந்த வடிவமைப்பின் சாதனையே அதுதான். வாஞ்சிக்குத் தேவைப்பட்டது மனத் துணிவு. கைத்திறமையைப் புகழ்வது அவருக்குச் சம்பந்தமில்லாத பாராட்டு.

இரண்டாவது, இந்தப் பொருள் ஷெங்கோட்டையில் கிடைக்காது. 1878 ஆயுதச் சட்டத்தின்படி பிரிட்டிஷ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அப்படியென்றால் வழி வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். 1909 தொடக்கத்தில் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன் பெட்டியின் பொய் அடித்தட்டில் இருபது பிரவுனிங் துப்பாக்கிகளை பம்பாய்க்குக் கொண்டுவந்தார். சாவர்க்கர் மேல் வந்த வழக்கின் மையம் அது. நாசிக்கில் வெடித்தது அந்த இருபதில் ஒன்று. அதே இந்தியா ஹவுஸில் இருந்த வ.வே.சு. ஐயர் 1910 அக்டோபரில் புதுச்சேரி வந்து சேர்கிறார். பிரெஞ்சு மண், பிரிட்டிஷ் சட்டம் செல்லாத இடம். 1911 தொடக்கத்தில் வாஞ்சி புதுச்சேரி போகிறார். அங்கே சுடுவதற்குப் பயிற்சி நடந்தது என்பது வழக்கில் அரசுத் தரப்பின் வாதம். நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியாக வைத்து 14 பேர் மேல் நடந்த வழக்கு, 1912இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. ஒரு துப்பாக்கிக்குப் பின்னால் இத்தனை பேர். சிலையில் நிற்பது ஒருவர்.

எங்க ஊரில் பஸ் ஏறி விழுப்புரம் இறங்கினால் பாண்டி பக்கம்தான். அந்த ரயில் பாதை 1879இலேயே வந்துவிட்டது. ஷெங்கோட்டையும் மணியாச்சியும் எங்கேயோ தெற்கே என்று நினைத்துக்கொண்டு படித்த கதையின் பாதிப் பங்கு நம்ம வீட்டுப் பக்கம் நடந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை.

எல்லோரையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'ஆஷ் அடிச்சுவட்டில்' சுடப்பட்டவரையும் ஒரு மனிதராகத் தேடிப் போனது. அப்படி ஒரு தேடல் துப்பாக்கிக்கும் வேண்டும் என்கிறேன். அதற்காகத் துப்பாக்கியையே வீரச் சின்னமாகத் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. அந்த ஆசைக்கு மருந்துதான் அந்த ஸ்பானியத் துப்பாக்கியின் கதை.

ஸ்பெயின் சட்டப்படி, காப்புரிமை வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த நாட்டிலேயே பொருளைத் தயாரிக்க வேண்டும். இல்லையென்றால் உரிமை போய்விடும். எஃப்.என். அங்கே ஆலை வைக்கவில்லை. பாஸ்க் பகுதியின் ஐபார் ஊர்ப் பட்டறைகள் பிரவுனிங்கை இஷ்டத்துக்கு நகலெடுத்தன. முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்துக்கு அவசரமாகத் துப்பாக்கி தேவைப்பட்டபோது கபிலோந்தோ என்ற நிறுவனத்தின் 'ரூபி' லட்சக்கணக்கில் போனது. ஆர்டரைச் சமாளிக்க ஏகப்பட்ட பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததில், ஒரு பட்டறையின் மேகசின் இன்னொரு பட்டறையின் துப்பாக்கிக்குள் சரியாக உட்காராத கூத்தும் நடந்தது.

அங்கிருந்து வந்ததுதான் அஸ்ட்ரா 400. காம்போ-ஹீரோ பிரபு வடிவமைத்த துப்பாக்கியைத் திருத்தி எஸ்பெரான்சா - உன்செட்டா நிறுவனம் குவெர்னிகாவில் செய்தது. 1921இல் ஸ்பெயின் ராணுவம் ஏற்றது. பிரவுனிங்கின் அதே பூட்டில்லா முறை, ஆனால் தோட்டா மட்டும் 9 மி.மீ. லார்கோ என்ற வலுவான ரகம். பூட்டு வைக்காமல் அதைத் தாங்க வேண்டும் என்றால் ஸ்லைடு கனமாக வேண்டும், ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இறுக வேண்டும். எடை ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. ஸ்லைடைக் கையால் இழுக்கவே பலம் வேண்டும். ஒரு பாகத்தை விட்டதற்கான விலையை மற்ற பாகங்கள் கொடுத்தன. முரட்டு உழைப்பாளி, அழகு, நளினம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. வடிவமைப்பு என்ற அளவில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

ஆனால் 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குவெர்னிகாவைக் குண்டுவீசி எரித்தபோது, ஊர் எரிந்தது, அந்த ஆயுத ஆலை தப்பியது. சில நாளில் பிராங்கோ படை ஊரைப் பிடித்தது. குடியரசுத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. வலென்சியாவிலும் தர்ராசாவிலும் இதே அஸ்ட்ராவை நகலெடுத்தார்கள். ஒரே வடிவமைப்பு, இரண்டு பக்கமும். பிறகு ஜெர்மன் ராணுவமும் வாங்கியது. துப்பாக்கிக்குக் கொள்கை கிடையாது, எந்தக் கைக்கும் உட்காரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'வீரத் துப்பாக்கி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

துப்பாக்கியால் சொல்ல முடியாததும் உண்டு. ஏன் சுட்டார் என்பதை ஸ்லைடும் ஸ்பிரிங்கும் சொல்லாது. அதற்கு வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை முழுசாகப் படிக்க வேண்டும். அதில் நாட்டு விடுதலையும் இருக்கிறது. சனாதன தர்மமும், மாட்டிறைச்சி உண்பவர்மேல் இகழ்ச்சியும் இருக்கிறது. முதல் பாதியை மேடையில் படித்துவிட்டு அடுத்த பாதியை மடித்து வைப்பவர்களும், அடுத்த பாதியை மட்டும் படித்துவிட்டு ஆங்கில ஆட்சி என்ற ஒன்றே இல்லாத மாதிரி பேசுபவர்களும் செய்வது ஒன்றுதான். ரிவால்வரா பிஸ்டலா என்று பார்க்காத அலட்சியமும் இதுவும் வேறு வேறு இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி பார்க்க நேரம் ஒதுக்காததுதான் இரண்டுமே.

எஃப்.என். துப்பாக்கிகளின் உடம்பில் ஆலையின் பெயர், ஹெர்ஸ்டால் என்ற ஊர்ப்பெயர், காப்புரிமைக் குறிப்பு எல்லாம் வெட்டியிருக்கும். எங்கே செய்தது, யார் வடிவமைத்தது என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டு மாதிரியே அதுவும் தன் வரலாற்றைத் தன்மேலேயே எழுதிக்கொண்டுதான் வந்தது. படிக்காமல் விட்டது நாம்தான்.

பையனிடம் உண்மையைச் சொன்னேன். பரிசு வாங்கிய படத்தில் தப்பு என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அத பெல்ஜியத்துலருந்து யாரு மாமா எடுத்துனு வந்தது?"ன்னான். படத்தைத் திருத்தச் சொல்லணும்னு நினைத்தேன், விட்டுவிட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.